இரண்டு கட்டைவிரல்

வாலிபால் கோட்டின் அகலம் 5 செ.மீ. பந்து அதன் ஓரத்தை உரசினாலும் உள்ளேதான். சண்டையெல்லாம் அந்த உரசலில்.

பார்வை மறைந்துவிட்டால், கோட்டு நடுவர் இரு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் காட்டலாம்: ‘தெரியவில்லை, ஐயா.’ விதிப்புத்தகமே கொடுத்த சைகை. நம்மூர் மின்னொளிப் போட்டிகளில் இதைக் காட்டிய ஆளை நான் பார்த்ததில்லை. தெரியாதபோதுதான் கொடி இன்னும் விறைப்பாக எழும். மேலே நிற்கும் முதல் நடுவரோ, எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று காதாலேயே பந்தைப் பார்ப்பார்.

இரு அணியும் ஒரே நேரத்தில் தவறினால், இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி மறுபடி ஆடச் சொல்வது முறை. அதுவும் நடக்கும், பெரும்பாலும் சுழற்கோப்பை கொடுத்தவரின் அணி 24-ல் திணறும்போது.