ஓடாமல் ஓடுவது எப்படி?

முதன்முறையாக 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளப்போகும் அன்பருக்கு வாழ்த்துகள். மழைக்காலம் நெருங்கும்போது தொடங்கி மாசி வெயில் உறைக்கும் வரை, சென்னையில் ஞாயிறு விடிந்தால் ஏதாவது ஒரு சாலையை மறித்துக்கொண்டு யாராவது ஓடுகிறார்கள். கண் தானம், புற்றுநோய் விழிப்புணர்வு, கல்லூரிப் பொன்விழா என்று காரணம் வாரத்துக்கு வாரம் மாறும். டி-ஷர்ட்டும் மெடலும் மாறாது. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராக நின்றால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் உங்களை ஒரு மாதிரி பார்த்திருக்கலாம். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் திடீரென்று இளைத்துப்போய் வந்திருக்கலாம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், முறைப்படி தயாராக வேண்டும். ஓடுவது அதில் கடைசி வேலை.

முதல் வேலை, பணம் கட்டுவது. கட்டிய கையோடு ரசீதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். 'மாரத்தான் ஓடப்போகிறேன்' என்று எழுதினால் போதும். 5 கிலோமீட்டர் என்ற விவரம் இப்போதைக்கு வேண்டாம். "42 கிலோமீட்டரா?" என்று பெரியப்பா கேட்டால், கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. "முக்குக் கடையில கொத்தமல்லி வாங்க வண்டிய எடுக்கிற மனுஷன் ஓடப்போறாராம்மா" என்று உங்கள் மனைவி போனில் சொல்லிச் சிரிப்பது கூடம் வரை கேட்கும். பொருட்படுத்தாதீர்கள். சாதனையாளர்கள் எல்லோரும் கடந்து வந்த கட்டம் இது.

அடுத்தது ஷூ. மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தபோது அவர் ஷூவின் அடியில் கார்பன் தகடு இருந்தது. ஆகவே உங்களுக்கும் கார்பன் தகடு வேண்டும். அதே கடையில் எளிய ஷூக்களும் இருக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய், விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, நாலு எட்டு வைத்தால் உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்து ஒன்றை எடுத்தால் 5 கிலோமீட்டருக்கு அது தாராளம். ஆனால் அதைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவீர்கள்? எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார் என்ற தகவலைக் கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். நல்ல மனிதர், வருத்தப்படுவார்.

ஷூ வந்தபின் கைக்கடிகாரம். இதயத் துடிப்பு, தூக்கம், மன அழுத்தம், உடலின் ஆக்ஸிஜன் கொள்ளளவு என்று சகலத்தையும் அது சொல்லும். நீங்கள் சோபாவில் கிடக்கும்போது "எழுந்து நடமாடும் நேரம்" என்று மணிக்கட்டைத் தட்டும். மனைவி சொல்லிக் கேட்காததை 20,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி சொன்னால் கேட்கத்தான் தோன்றும்.

இனி பயிற்சித் திட்டம். அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-ல் வகுத்த ஒரு திட்டம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சோபாவிலிருந்து எழுந்து வருகிறவர்களை 9 வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடவைப்பது அதன் நோக்கம். வாரம் மூன்றே நாள். முதல் வாரத்தில், ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடந்தபின், 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படியே மாறி மாறி 20 நிமிடம். இவ்வளவுதான். கேட்கவே அவமானமாக இல்லையா? 60 விநாடியை எல்.கே.ஜி. பிள்ளைகள் ஓடுவார்கள். நீங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நூறு மீட்டரில் சோப்பு டப்பா வாங்கியவர். ஆகவே அந்தத் திட்டத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு, முதல் நாளே முழு வேகத்தில் புறப்படுங்கள்.

இடம் மெரினாவாக இருக்கட்டும். முதல் இருநூறு மீட்டர் பிரமாதமாக இருக்கும். காற்று முகத்தில் அடிக்கும். இவ்வளவு காலம் ஏன் ஓடாமல் இருந்தோம் என்று தோன்றும். அடுத்த இருநூறு மீட்டரில் அதற்கான காரணம் விளங்கிவிடும். தசைகள் கேட்கும் ஆக்ஸிஜனை இதயமும் நுரையீரலும் அனுப்பிச் சமாளிக்கும் முன்பே நீங்கள் கடனில் ஓடத் தொடங்கிவிட்டீர்கள். விலா ஓரத்தில் குத்தும். உழைப்பாளர் சிலை அருகே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-ல் நிறுவப்பட்ட சிலை அது. அந்த நால்வரும் அன்றிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. உடம்பைப் பாருங்கள், எப்படி வைத்திருக்கிறார்கள்!

பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே உங்களைக் கடந்து ஓடுவார்கள். ஒருத்தி மருமகள் கதையை முழு வாக்கியங்களில் சொல்லிக்கொண்டு போவாள். பயிற்சியாளர்கள் இதைத்தான் சரியான வேகம் என்கிறார்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. புதிதாக ஓடுகிறவர் பெரும்பாலான நாள்களில் இந்த வேகத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு மெதுவாக ஓடினால் தெரிந்தவர்கள் பார்த்து, நடக்கிறீர்கள் என்று நினைத்துவிட மாட்டார்களா? நடுவில் நடக்கலாம் என்பதையும் நம்பாதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, களைப்பதற்கு முன்பே நடந்துவிட்டுப் பிறகு ஓடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஒலிம்பிக் வீரருக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலை அவ்வளவாக வலிக்காது. "பரவாயில்லையே, உடம்பு ஏற்கெனவே பழகினது" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மூன்றாம் நாள் சொல்ல முடியாது. பழக்கமில்லாத தசையின் வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்குவீர்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். அதற்குள் தூரத்தைத் திடுதிப்பென்று கூட்டினால் கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தெறிக்கும். அதுவும் நல்லதுக்குத்தான். 'காயம்' என்ற சொல்லை இனி நீங்களும் விளையாட்டு வீரர்போல உச்சரிக்கலாம். இரண்டு வாரம் ஓய்வும் கிடைக்கும்.

ஓய்வு முடியும்போது மார்கழி பிறந்திருக்கும். ஓட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல மாதம் இந்த ஊரில் கிடையாது. மற்ற மாதங்களில் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்தால் சட்டை மட்டும்தான் நனையும். மார்கழியில் அந்தத் தொல்லை குறைவு. அம்மா மட்டும் "பனி மண்டையில இறங்கும்" என்று குரங்குக் குல்லா ஒன்றை எடுத்து நீட்டுவார். அணிந்துகொண்டே ஓடுங்கள், தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரியாது.

மார்கழியில் ஒரே ஆபத்து வெண்பொங்கல். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறதென்றால், அந்தக் கோயிலில் கொஞ்ச நேரத்தில் பிரசாதம் கொடுப்பார்கள் என்று பொருள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் ஓடுகிறவர்கள் தங்கள் பாதையைத் தூரத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை. எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். நெய்யும் மிளகும் முந்திரியும் தொன்னையில் ஆவி பறக்க வந்த பிறகு மேலே ஓடுவது தெய்வ நிந்தனை. வீட்டுக்கு ஆட்டோவில் திரும்புங்கள். இறங்கும் வரை கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். அன்றைய சராசரி வேகம் ஸ்ட்ராவா செயலியில் கண்ணைப் பறிக்கும்.

விளையாட்டை நிறுத்திவிட்டு நிஜமாகவே இரண்டு விஷயம் சொல்கிறேன். நெஞ்சில் இறுக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடத் தொடங்க வேண்டாம். இன்னொன்று, தெருநாய். இருட்டு விலகாத தெருவில் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது. நில்லுங்கள், அதன் கண்ணைப் பார்க்காமல் மெல்ல நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உணவு. ஓட்டத்துக்கு முந்தைய இரவு மாவுச்சத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் ஓட்டங்களுக்கான அறிவுரை அது. 5 கிலோமீட்டருக்கு வேண்டிய சர்க்கரை தசையில் ஏற்கெனவே இருக்கிறது, வழக்கமான சாப்பாடே போதும். இருந்தாலும் விஞ்ஞானத்தின் பெயரால் பரோட்டா சாப்பிடும் வாய்ப்பு அடிக்கடி வராது. சால்னாவைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அதன் பலன் மறுநாள் காலை மூன்றாவது கிலோமீட்டரில் தெரியவரும், அங்கே கழிவறை இருக்காது.

படுக்கும் முன் டி-ஷர்ட்டில் பிப்பை, அதாவது உங்கள் ஓட்ட எண் அச்சிட்ட தாளை, குத்திக்கொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு தருவார்கள். வீட்டில் ஊக்கு எப்போது தேடினாலும் கிடைக்காது என்பதால், திருப்பித் தரவேண்டியதில்லை என்ற இந்த ஒரு காரணத்துக்காகவே பதிவுக் கட்டணம் தகும் என்று என் அக்கா சொல்வார்.

ஓட்ட நாள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். மேடையில் ஒருவர் "சென்னை, ஆர் யூ ரெடி?" என்று கத்திக்கொண்டிருப்பார். கீழே எல்லோரும் சினிமாப் பாட்டுக்குக் கையையும் காலையும் உதறிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் இருக்கும் சக்தியில் பாதியை இங்கேயே செலவழித்துவிடுங்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் இன்னும் வந்திருக்க மாட்டார். அவர் வருவதற்குள் சூரியன் வந்துவிடும்.

நிற்பது முன்வரிசையில்தான். 5,000 மீட்டரில் உலக சாதனை உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020-ல் மொனாக்கோவில் ஓடிய 12 நிமிடம் 35.36 நொடி. கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். மெரினாவில் சைக்கிளில் போகிறவர்களில் பலர் அந்த வேகத்தில் போவதில்லை. 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் புதுக்கோட்டை லட்சுமணன் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். அவர்கள் நிற்கவேண்டிய வரிசையில் நீங்கள் நிற்கிறீர்கள். கொடி அசைந்ததும் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் உங்களை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போவார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் முதல் கிலோமீட்டரிலேயே களைத்து உட்கார்ந்துவிடுவார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேன்வாஸ் ஷூவில் வரும் அம்மாள் உட்கார மாட்டார். அவரை முந்த முயல வேண்டாம், முடியாது. 60 விநாடி, 90 விநாடி என்று தொடங்கி, ஒன்பது வாரமும் எண்ணிப் பழகியவர் அவர்.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் காகிதக் குவளையை ஓடிக்கொண்டே வாங்கி மூக்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். புகைப்படக்காரர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அவருக்கு முன்னும் பின்னும் பத்து மீட்டர் ஓடினால் போதுமானது, மற்ற தூரத்தை நடந்தே கடக்கலாம். 5 கிலோமீட்டர் வெறும் நடையாகவே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம்தான். மெடலையும் இட்லி, வடை, பொங்கல் வைத்த பொட்டலத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். மெடல் யாருக்கும் ஒரே எடைதான்.

கடைசியாக ஒரு தகவல். பல ஓட்டங்களில் 10 கிலோமீட்டருக்கும் அதற்கு மேலும்தான் பிப்பின் பின்னால் டைமிங் சிப் ஒட்டித் தருகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு நேரம் குறிப்பதே இல்லை. நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்கள் என்று எந்தப் பட்டியலிலும் இருக்காது. பணம் கட்டும் முன் அந்த விவரத்தை விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். நேரம் குறிப்பார்கள் என்று போட்டிருந்தால், வேறு ஓட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.