பொட்டிக்குக் காது கேக்காதுலே

ஏலே பேராண்டி, சாக்ஸபோன் வாசிக்கிற ஒரு பயலையும் ஒன் லேப்டாப்பையும் ஒரே மேடையில ஏத்தப் போறியாம்லா, ஒங்கம்மா போன்ல சொன்னா. ஜாஸையும் எலக்ட்ரானிக்கையும் கலந்து அடிக்கப் போறோம்னு ஊரு பூராச் சொல்லியாச்சாம். நல்லா அடிங்க. நான் கரிசக்காட்டுக்காரன், எனக்கு என்ன எளவு தெரியும்? ஆனா வயசான மனுசனுக்கு ராத்திரியில தூக்கம் கெடையாது பாத்துக்கோ. நீ வாங்கித் தந்த போன்ல இந்தக் கூத்தத்தான் விடிய விடியக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். அதனால கொஞ்சம் புத்தி சொல்லுதேன். கேட்டுத்தான் ஆகணும்னு இல்ல. ஒங்கப்பன் என்னைக்கு நான் சொன்னதக் கேட்டிருக்கான்?

மொதக் காரியமா அந்த டிரம் அடிக்கிற பயலக் கழிச்சு விட்டுரு. அவனுக்குப் பிரியாணி வேணும், பெட்ரோலுக்குத் துட்டு வேணும், ஒத்திகைக்கு வேற பிந்தித்தான் வருவான். டிரம் மிஷினுக்குக் கரண்டு மட்டும் போதும். நிமிசத்துக்கு 120 அடின்னு சொல்லி வச்சிட்டா விடியுற வரைக்கும் 120தான். சாக்ஸபோன்காரன் நடுவுல கோட்டி புடிச்சு வேகம் எடுத்தாலும் அது திரும்பிப் பாக்காது. மூச்சு முட்டி நின்னுட்டாலும் தானும் நிக்காது. மேடையிலயே சுருண்டு விழுந்தான்னு வையி, விழுந்தவனுக்கும் சேத்துத் தாளம் போடும். அப்பிடி ஒரு விசுவாசம் மனுசப்பயகிட்ட வருமா?

இல்ல தாத்தா, அவன் கூடப் படிச்சவன், விட முடியாதுங்கியா? சரி, அப்பம் அவன் காதுல இயர்போனச் சொருகி உள்ள டிக்கு டிக்குன்னு கிளிக்க ஓட விடு. கோயில் கொடையில தவில்காரர் நாதஸ்வரக்காரர் கன்னத்தையே பாத்துக்கிட்டு இருப்பாருல்லா, மூச்சு எந்த எடத்துல முடியும்னு அதுல தெரியுமே, அந்தக் கஷ்டமெல்லாம் ஒன் பயலுக்கு வேண்டாம். அவன் பாட்டுக்குச் சொவரப் பாத்து அடிக்கட்டும். நீ லேப்டாப்பப் பாரு. சாக்ஸபோன்காரன் கண்ண மூடிக்கிடுவான். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம கச்சேரிய முடிச்சிட்டா சண்ட சச்சரவுக்கே எடம் இல்ல.

லேப்டாப்புல சத்தம் பத்து மில்லிசெகண்டு பிந்தி வருதுன்னு வேற பொலம்புதியாமே. அந்த நேரத்துல காத்துல சத்தம் ஏறக்கொறைய 3.4 மீட்டர் தூரம் போகும். மேடையில பதினோரு அடி தள்ளி நிக்கிறவன் வாசிக்கிறதும் ஒனக்கு அவ்வளவு பிந்தித்தான் வந்து சேருது. அதுக்காக எந்த வித்வானாவது அழுதானா? பக்கத்துல உள்ளவன் என்ன செய்யுதான்னு காது குடுத்தா இந்தப் பிந்தலெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. ஒன் பொட்டி எந்தக் காதக் குடுக்கும், சொல்லு?

மைல்ஸ் டேவிஸுன்னு ஒரு டிரம்பெட்காரரு. 1969 பிப்ரவரி 18, நியூயார்க்குல ஒரு ஸ்டுடியோ. கீபோர்டுக்கு மட்டும் மூணு பேரு: ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ சாவினுல். கித்தாருக்கு ஜான் மெக்லாலின், அந்தாளு பொறவு நம்ம விக்கு விநாயக்ராம் கடத்தோட ‘சக்தி’ங்கிற குழுவுல வாசிச்சாருல்லா, அவரேதான். எல்லாரும் ஒரே அறையில உக்காந்து வாசிச்சு முடிச்சு வீட்டுக்குப் போயாச்சு. பொறவுதான் டியோ மாசெரோங்கிற தயாரிப்பாளர் டேப்பையும் பிளேடையும் கையில எடுத்தாரு. நாலு நிமிசம் வாசிச்ச ஒரு பகுதிய நகலெடுத்து, தட்டோட ஒரு பக்கத்துல ஆரம்பத்துலயும் ஒட்டி, முடிவுலயும் ஒட்டினாரு. அந்தப் பக்கம் ‘இன் எ சைலன்ட் வே’. கேக்குறவன், அடடா, சுத்திச் சுத்தி வந்து தொடங்குன எடத்துலயே எறங்குதாங்களேன்னு சொக்கிப் போவான். அவனுங்க எங்க சுத்துனாங்க? அதே டேப்புலே! மத்தப் பக்கத்துலயும் ஆறு நிமிசத்துக்கு இதே வேலதான்.

களவாணித்தனம்தான். ஆனா நல்ல களவாணித்தனம். அதே வருசம் ஆகஸ்டுல மூணு நாளு, 19ல இருந்து 21 வரைக்கும் வாசிச்சத இன்னும் பலமா வெட்டி ஒட்டி ‘பிட்சஸ் ப்ரூ’ன்னு 1970ல விட்டாங்க. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு ஒங்க ஆச்சி கேட்டா, நான் வெத்தல வாங்கப் போயிருக்கேன்னு சொல்லிரு. நான் கண்டது இதுதான்: மனுசன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பிளேடு காத்துக்கிட்டு இருந்துச்சு. வாசிச்சவன் வேகம் கூட்டுனானா, தடுமாறுனானா, சும்மா இருந்தானா, எல்லாம் அந்த டேப்புல கெடந்தது. நீங்க தலகீழா, மொதல்ல எட்டுக் கட்டத்துல ஒரு லூப்பப் போட்டுட்டு, வாங்கப்பா வந்து இதுக்குள்ள சுதந்திரமா வாசிங்கன்னு மனுசனக் கூப்பிடுதீங்க.

அதுலயும் கெட்டிக்காரன் உண்டு, இல்லங்கல. பிரான்சுக்காரர் லுடோவிக் நவார், செயின்ட் ஜெர்மைன்னு பேரு வச்சிக்கிட்டவரு, 2000த்துல ‘டூரிஸ்ட்’னு ஒரு தட்டு போட்டாரு. அதுல ‘ரோஸ் ரூஜ்’னு ஒரு பாட்டு. டேவ் புரூபெக்கோட ‘டேக் ஃபைவ்’ அஞ்சு எண்ணிக்கை, நம்ம கணக்குல கண்டம். அதுல இருந்து நறுக்குன துண்ட நாலு எண்ணிக்கை ஹவுஸ் தாளத்துக்குள்ள சொருவிட்டாரு. மார்லினா ஷா 1973ல மான்ட்ரோவுல மேடையில பாடுனதுலயும் ஒரு துண்டு. பாவம் அந்த அம்மா, அங்க பாட்ட முடிச்சிட்டு எறங்கிட்டா. இங்க இன்னும் அதே வரியிலயே நின்னுக்கிட்டு இருக்கா. மேல ஊதுறவங்க உசுரோட ஊதுதாங்க, அதனால தட்டு தப்பிச்சது.

ஹெர்பி ஹான்காக்கு 1983ல போட்ட ‘ராக்கிட்’ வேற கத. டிரம் மிஷின், சின்தசைசர், கூடவே ரெக்கார்டக் கையால முன்னும் பின்னும் தேய்க்கிற கிராண்ட்மிக்சர் டி.எஸ்.டி. கிராமியும் கெடச்சது, ரிதம் அண்ட் புளூஸ் கணக்குல. ஜாஸ் கணக்குல குடுக்க அவனுகளுக்கே கை வரல பாரு. எனக்கு அதுல புடிச்சது அந்தத் தேய்க்கிற கைதான்.

டெட்ராய்ட்டுல ஜே டில்லான்னு ஒரு பையன். 32 வயசுல, 2006ல, போய்ச் சேந்துட்டான். அக்காய் எம்பிசி3000ங்கிற பொட்டியில விரலால தட்டி டிரம் போடுவான். தட்டுன அடியையெல்லாம் கட்டத்துக்குள்ள இழுத்து நேராக்குற வசதி அந்தப் பொட்டியில உண்டு. அவன் அதுக்கு முழுசா அடங்கல. ஒரு அடிய முந்த விட்டான், ஒரு அடிய பைய வர விட்டான். பொட்டி தள்ளாடிச்சு. வேடிக்க என்னன்னா, பொறவு கிறிஸ் டேவ் மாதிரிப் பெரிய டிரம்காரங்களே அந்தத் தள்ளாட்டத்தக் கையால வாசிக்க மெனக்கெட்டாங்க. அந்தப் பொட்டி இப்பம் வாஷிங்டன் மியூசியத்துல இருக்கு. நீ கட்டத்துல ஒட்டி ஒட்டிச் சுத்தமாக்குன ஒன் பாட்ட எந்த மியூசியம் கேக்கும்?

எல்லாத்துக்கும் மேல எனக்குத் தூக்கத்தக் கெடுத்தது ‘பிராமிசஸ்’. 2021ல வந்தது. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்ங்கிற சாம் ஷெப்பர்டு, நரம்பியல்ல டாக்டர் பட்டம் வாங்குன பையன், பொட்டியும் கீபோர்டும் அவன்கிட்ட. சாக்ஸபோன் ஃபாரோ சாண்டர்ஸ், அறுபதுகள்ல ஜான் கோல்ட்ரேன் கூட நின்னு தீயா ஊதுன மனுசன். அப்பம் அவருக்கு வயசு எண்பத நெருங்கிட்டு. பின்னால லண்டன் சிம்பனி வேற. ஒரு சின்னச் சொர வரிச, கிட்டத்தட்ட முக்காமணி நேரமும் திரும்பத் திரும்ப வருது. வரும், ஓயும், கொஞ்சம் எடம் விடும், மறுபடி வரும். அந்த எடத்துலதான் கெழவர் பைய நொழையிறாரு. ஒரு வாட்டி சாக்ஸபோனக் கீழ வச்சிட்டு வாயாலயே முணுமுணுக்காரு. வாசிக்காம இருக்க வேண்டிய எடத்துல வாசிக்காமலே இருக்காரு. பையன் அதத் தொந்தரவு பண்ணல. எடத்த விட்டுட்டு ஒதுங்கி உக்கார அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான் வித்த. சாண்டர்ஸ் 2022 செப்டம்பர்ல செத்துப் போனாரு. மறு வருசம் ஹாலிவுட் பவுல்ல அத மொத வாட்டி மேடையேத்துனப்பம், அவரு ஊதுன எடத்துக்கு ஷபாகா ஹட்சிங்ஸ வரவழைச்சாங்க. டேப்பப் போட்டு ஒப்பேத்தல.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன்லே. லூப்ப நிறுத்தவும் வேகத்தக் கூட்டிக் கொறைக்கவும் காலால அமுக்குற சுவிட்சு கடையில விக்கான். ரெண்டு வாங்கு. வேகத்துக்கு உள்ளத டிரம்காரன் காலடியில வை. நிறுத்துறத சாக்ஸபோன்காரன் காலடியில வை. ஒன் பக்கத்துல எதையும் வச்சிக்கிடாத.