வயிற்றில் முட்டை, கையில் வெனிஸ் விருது

கே: இத்தாலியக் கலைப்பட நடிகைகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
ப: வலேரியா கொலீனோ.

கே: சோஃபியா லாரனை விடவா?
ப: ஆமாம். அடுத்த கேள்வி!

கே: ‘ஹாட் ஷாட்ஸ்’ கேலிப் படத்தில் வந்த கொலீனோவா? அவரா பெரிய கலைஞர்?
ப: அவரேதான்! 1991இல் அவர் வயிற்றின் மேல் முட்டையை உடைத்து ஊற்றி, சார்லி ஷீன் சுடச்சுடப் பொரித்தாரே, அதே கொலீனோ. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 20 வயதில், ‘ஸ்டோரியா தமோரே’ படத்துக்கு வெனிஸில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். ‘ரெஸ்பிரோ’வில் (2002) லம்பெதூசா தீவின் மீனவன் மனைவி. அடைத்து வைத்த தெருநாய்களைத் திறந்துவிடுவாள். ஊரே கூடி அவளை வைத்தியத்துக்கு மிலானுக்கு அனுப்பப் பார்க்கும்; பெற்ற மகன் குகையில் ஒளித்து வைத்துச் சோறு போடுவான். நாற்பது தாண்டிய நடிகைக்கு அம்மா வேடம்தான் என்று அடம்பிடிக்கும் தயாரிப்பாளர்களே, கேளுங்கள்: 2015இல், 49 வயதில், அதே வெனிஸில் அதே விருதை மறுபடி வாங்கினார். வேடம்? டிவி நாடகப் படப்பிடிப்பில் மற்றவர்களுக்கு வசன அட்டை பிடிக்கும் பெண்!




கே: அவர் முதலில் இயக்கிய முழுநீளப் படமான ‘மியேலே’ கருணைக்கொலையை ஆதரிக்கிறதா?
ப: 2013இல் வந்த படம். நாயகி ஜாஸ்மின் ட்ரின்கா, தீராத நோயாளிகள் சாக ரகசியமாக உதவுகிறாள். மருந்து, மெக்சிகோவிலிருந்து அவளே வாங்கி வருவது, விலங்குகளுக்கானது. ஒரு முதிய எஞ்சினியரிடம் கொடுத்த பிறகுதான், அவருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வாழ்க்கை அலுத்துவிட்டது என்று தெரியவருகிறது. திருப்பி வாங்க ஓடுகிறாள். அவரோ தர மறுக்கிறார். நோய் வலிக்கு ஒரு நியாயம், மன வலிக்கு வேறு நியாயமா என்று அந்தக் கிழவர் நம்மையும் மடக்குகிறார். ஆதரவு, எதிர்ப்பு என்று கொடி பிடிக்காததால்தான் இந்தப் படத்தை மதிக்கிறேன். வீட்டில் நெடுநாள் படுக்கையில் யாரையாவது பார்த்துக்கொண்டவர்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

கே: சமீபத்தில் என்ன செய்தார்?
ப: குருதட்சிணை! ‘ஸ்டோரியா தமோரே’வுக்காக அவருக்கு நடிப்புப் பயிற்சி தந்தவர் கொலியார்டா சபியென்ஸா என்ற எழுத்தாளர். ‘மகிழ்ச்சியின் கலை’ என்ற பெரிய நாவலை 1976இல் முடித்தார்; பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1996இல் அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, கணவர் முயன்றுதான் அது முழுசாக அச்சேறியது. 2024இல் அதைத் தொடராக எடுத்தவர் மாணவி கொலீனோ. மறுவருடம் மரியோ மார்த்தோனேயின் ‘ஃபுவோரி’யில் சபியென்ஸாவாகவே நடித்தார். வயது 59, கதாநாயகி. குறித்துக்கொள்ளுங்கள், தயாரிப்பாளர்களே!