தையில் பூக்காத மல்லி

கோச்சடையில் வீட்டு வாசலில் ஒரு தொட்டியை வைத்து மண்ணை நிரப்புங்கள். விதை போடும் முன்பே ஆலோசனை முளைத்துவிடும். மேலக்கால் ரோட்டில் காலை நடை போகிறவர்கள், பால் ஊற்ற வருகிறவர், சிலிண்டர் போடும் தம்பி எல்லாருமே பரம்பரை விவசாயிகள். நிலத்தை விற்றபோது அறிவை மட்டும் கிரயத்தில் சேர்க்காமல் கையோடு கொண்டுவந்துவிட்டவர்கள்.

"ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பார் எதிர்வீட்டு மாமா. சொன்னவர்கள் மொட்டை மாடியில் நின்று சொல்லவில்லை. இங்கே ஆடியில் வருவது காற்று; குரோ பேக்கோடு வெண்டை பக்கத்து மாடிக்குக் குடிபோய்விடும். நம்பி இருக்கக்கூடிய மழை ஐப்பசியில்தான். அதனால் ஆடியில் கத்திரி, மிளகாய் விதைகளைக் குழித்தட்டில் போட்டுக் கைப்பிடிச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிடுவேன். நாற்று ஒரு மாதத்தில் பைக்கு மாறும். பீர்க்கும் புடலையும் நேரடி விதைப்பு, பந்தலை மட்டும் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

அவரைதான் பெரிய பஞ்சாயத்து. பழைய ரகப் பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். புரட்டாசி முழுக்க வெறும் இலையாக ஏறிக்கொண்டிருக்க, "யூரியா போடுங்க தம்பி" என்பார்கள். போட்டால் இன்னும் இலைதான் வரும். சும்மா இருந்தால் மார்கழியில் பூத்துக் குலுங்கும், யூரியா கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் வந்து உரிமை கொண்டாடுவார்கள்.

உரத்தில் எனக்குப் பஞ்சகவ்யா போதும். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. மீன் அமிலமும் நல்லதுதான், ஆனால் அதைத் தெளித்த அன்று தெருப் பூனைகள் மாடியில் பொதுக்குழு கூட்டிவிடுகின்றன. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எலி கிலி செத்துக் கிடக்காண்ணே?" என்று விசாரிப்பார்.

அப்புறம் மயில். கீரைப் பாத்தியில் இறங்கினால் தரையோடு வழித்துவிடும். தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு. அதோடு திருப்பரங்குன்றத்துக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்துகொண்டு முருகன் வாகனத்தை எப்படி வைவது? கையெடுத்துக் கும்பிடாத குறையாக "போங்க, போங்க" என்று விரட்டுகிறோம். வலைதான் வழி.

கத்திரி வெயிலில் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் அடிக்க வேண்டும். பகலில் அடித்தால் பூச்சியோடு இலையும் கருகும்.

இதெல்லாம் வெளி ஆட்களோடு. வீட்டுக்குள் சண்டை மல்லிக்குத்தான். தங்கச்சிமடத்திலிருந்து வரும் நாற்று. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு, மீதியை வெட்டிவிட வேண்டும். பூவை முழம் போட்டு விற்கிற ஊரில் செடியையும் முழம் போட்டுத்தான் கவாத்து.

"தையில நாத்தனா மக கல்யாணம். கார்த்திகையில செடிய மொட்டையடிச்சா எப்படிங்க?" என்றாள் மனைவி. வெட்டாவிட்டாலும் தைப் பனியில் மல்லி பூக்காது என்று விளக்கினேன். மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் மாதத்தில் செடி தூங்கும். பங்குனி, சித்திரையில் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் பூக்கும். மதினி வீட்டுக்கு ஒரு கவர் பூ கொடுத்தனுப்பினால், அதே பையன் கையில் இரண்டு கவராகத் திரும்பி வரும். என் விளக்கத்தை அவள் முழுதாகக் கேட்டாள், பிறகு அந்தக் கல்யாணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்துக்கு மாட்டுத்தாவணியில் பூ வாங்கினோம். விலையை இங்கே எழுதினால் மனது ஆறாது. மண்டபத்தில் என் மனைவியின் தலையைப் பார்த்து அவள் சித்தி, "வீட்டுப் பூவாடி?" என்று கேட்டார்.

"ஆமா சித்தி."

சித்தி என் பக்கம் திரும்பினார். "கவாத்து பண்ணாம விட்டீங்கள்ல மாப்பிள்ளை? அதான் இப்படிப் பூத்திருக்கு."