வன்னி ஓட்டோகிராப் ஏடுகள்: ஓர் ஆராய்ச்சி

உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்க, இரசாயனச் சமன்பாடுகளையும் பொருளியல் வரைபுகளையும் உருப்போட வேண்டிய மாணாக்கர், அக்கடமையைச் சற்றே ஒத்திவைத்து, பச்சையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமான தாள்களாலாகிய ஒரு சிறு புத்தகத்தை வகுப்பெங்கும் சுற்றவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் ஒரே வாங்கில் தோளுரச இருந்தவனிடமே தன்னை மறந்துவிட மாட்டேனென்று எழுதி வாங்குகின்ற வழக்கம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இவ்வேடுகளைப் பண்டிதர் எவரும் பரிசோதிக்க முன்வராதது தமிழ்ப் பதிப்புலகத்துக்கு ஒரு குறையே. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் செல்லரித்த ஓலைகளோடு பட்ட பாட்டை அறிந்தோர், கரப்பான் தின்ற கட்டோடும், மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒற்றைகளோடும் நாம் பட்ட பாட்டையும் அநுதாபத்தோடு நோக்குவாராக.

வழக்கத்தின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டால் ஜெர்மனி வரை போக நேரும். பதினாறாம் நூற்றாண்டிலே விட்டன்பேர்க் சர்வகலாசாலை மாணாக்கர், லூதர், மெலாங்தன் முதலிய ஆசிரியர்களிடம் கையொப்பமும் உபதேச வாக்கியமும் வாங்கிச் சேமித்தனரென்றும், அதுவே பின்னர் நண்பர்கள் எழுதும் ஏடாக விரிந்ததென்றும் சரித்திரகாரர் கூறுவர். வன்னியிலே ஆசிரியருக்குக் கிடைப்பது கடைசிப் பக்கந்தான். வகுப்பாசிரியர் நாற்பது ஏடுகளிலும் நன்றாகப் படித்து முன்னேறுமாறு ஒரே வாக்கியத்தை ஒரே சாய்வில் எழுதிக் கொடுத்துவிட்டு வினாத்தாள் திருத்தப் போய்விடுவார். பாடபேதம் சிறிதுமில்லாத பகுதி இது ஒன்றே. ஆதலின் பதிப்பாசிரியனுக்கு இங்கே வேலையில்லை.

மாணாக்கர் எழுதிய பகுதியின் நிலை வேறு. நட்பைக் கடலுக்கும் வானுக்கும் ஒப்பிடும் ஒரே கவிதை ஒரே ஏட்டில் ஐந்து பேர் கையெழுத்தில் வருவதும், ஐவரும் அதனைச் சொந்தக் கவிதையென்றே சாதிப்பதும் சர்வசாதாரணம். ஏடுகளை ஒத்துநோக்கிக் கிளைவழி கண்டு மேலே போனால், எல்லாப் பாடங்களும் யாரோ ஒருவனுடைய அக்காவின் ஓட்டோகிராப்பிலே போய் முடியும் என்பது நமது துணிபு. அந்த அக்கா எங்கிருந்து எடுத்தாள் என்று வினவுவது ஆராய்ச்சி மரபுக்கு ஒவ்வாது. இனி, பக்கத்தின் மூலையை முக்கோணமாக மடித்து, மேலே ‘இரகசியம், திறக்காதே’ என்று எழுதி, உள்ளே ‘சொல்லியும் திறந்தாயே’ என்று கடிந்துகொள்ளும் ஒரு சம்பிரதாயமும் உண்டு. பரிசோதித்த ஏடுகள் அனைத்திலும் முதலிற் கிழிந்திருப்பது அந்த மடிப்பே. மனித சுபாவத்தைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியோர் இச்சிறு மூலையைக் கண்டிருந்தால் பல அத்தியாயங்களை மிச்சம் பிடித்திருப்பர்.

கால நிர்ணயத்துக்கு அகச்சான்றும் புறச்சான்றும் தாராளமாக உள. கிளிநொச்சியில் இருப்பவன் தன் முகவரியில் யாழ்ப்பாண மாவட்டமென்று எழுதியிருந்தால் அவ்வேடு 1984க்கு முந்தியது. கிளிநொச்சி தனி மாவட்டமானது அவ்வாண்டிலேதான். பக்கத்திலே மண்ணெண்ணெய்க் கறை காணப்படின், பொருளாதாரத் தடையால் எண்ணெய் தட்டுப்பட்டு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்த சிக்கன விளக்கிலே ஊர் முழுவதும் படித்த தொண்ணூறுகளைச் சாரும். ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டபின் மினுங்கும் மைப் பேனைகள் தெற்கிலிருந்து வந்திறங்கின; ஆகவே மினுக்கம் தூக்கலான பக்கம் அதற்குப் பிந்தியது. சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ படம் 2004இல் வெளிவந்தபின் எழுதினவற்றில் அப்படப் பாட்டுகளின் வாடை வீசும். அவற்றை இடைச்செருகலென்று ஒதுக்குவதே முறை.

எனினும், கவிதைகளால் ஆராய்ச்சியாளனுக்கு ஆகும் பயன் சொற்பம். ஏட்டின் சாரமெல்லாம் முகவரிப் பகுதியிலே இருக்கிறது. ஒவ்வொருவரும் தற்காலிக முகவரி, நிரந்தர முகவரி என இரண்டு எழுத வேண்டுமென்பது ஏட்டிலக்கணம். அச்சடித்த ஓட்டோகிராப் புத்தகத்தைத் தயாரித்தவர் வன்னியைக் கண்டவரல்லர் போலும். இரண்டாவதற்கு அவர் ஒரே வரிதான் விட்டிருக்கிறார். 1996இல் இராணுவத்தின் ‘சத்ஜய’ நடவடிக்கையால் கிளிநொச்சி நகரத்தார் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்குமாகப் பெயர்ந்தபோது அந்த ஒரு வரிக்கு மேல் இரண்டாம் வரி எழுதப்பட்டது. 1997 மே மாதத்தில் வவுனியாவிலிருந்து ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை புறப்பட, புளியங்குளத்தாரும் கனகராயன்குளத்தாரும் தத்தம் வரிகளை வெட்டினர். முல்லைத்தீவுக் கரையோரத்து முகவரிகள் பல 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலைக் கடற்கோளோடு வீடிழந்தன. 2008இல் கிழக்கு நோக்கி நடந்த பெயர்ச்சியிலே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வரிகள் ஓரத்துக்கு ஏறி, பக்கத்தைச் சுற்றி வளைந்து, தலைகீழாகவும் எழுதப்பட்டன. தாமோதரம்பிள்ளையவர்களுக்கும் இத்தனை பாடபேதம் ஒரே அடியில் கிடைத்திராது.

2009ஆம் ஆண்டின் முகவரிகளுக்குத் தனி உரை வேண்டும். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயரிட்டிருந்தார்கள். பிள்ளைகள் சரித்திரப் புத்தகத்தில் வாசித்த பெரியோர் பெயர்கள் கூடார இலக்கத்தோடு சேர்ந்து முகவரிகளாயின. அவ்வாண்டு ஓகஸ்டில் முட்கம்பிக்குள்ளிருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினர். அவ்வகுப்பாரிடம் வண்ணத்தாள் ஏட்டை எதிர்பார்ப்பது அறியாமை. பரீட்சை அனுமதி அட்டையைத் தொலைக்காமல் காப்பாற்றியதே அவர்கள் செய்த பெரிய காரியம்.

இக்காலத்து வகுப்பார், பரீட்சை முடிந்த அன்றே அவ்வாண்டின் பெயரால் வட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் திறந்துவிடுகின்றனர். இலண்டனும் ரொரன்ரோவும் பரந்தனும் அதில் ஒரே வாங்கில் இருக்கின்றன. முந்திய வகுப்பார் சிலரும் இருபது வருஷம் கழித்து அவ்வாறே கூடி, பழைய ஏடுகளைப் படம்பிடித்துப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். ‘மச்சான், இதை நானா எழுதினேன்?’ என்று கவிதையை மறுப்போர் பலர். முகவரியை மறுத்தவர் ஒருவரும் இலர். அந்த வளவில் நின்ற மாமரத்தையும் கிணற்றுக்கட்டையும் மதில் உயரத்தையும் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துத் தருகின்றனர். நட்பைக் குறித்து எழுதினவை யாவும் இரவல் என்றும், முகவரி ஒன்றே சொந்த வாக்கு என்றும் இவ்வாராய்ச்சி தீர்ப்புக் கூறுகிறது.

ஆகையால், வன்னியிலும் புலம்பெயர் நாடுகளிலும் இத்தகைய ஏடு வைத்திருக்கும் அன்பர்கள், முகவரிப் பக்கங்களை மட்டும் தெளிவாகப் பிரதியெடுத்து, தத்தம் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். மடித்த மூலைகளை எவரும் பிரசுரிக்க வேண்டாமென்பது, இன்று பிள்ளை குட்டிகளோடு மரியாதையாக வாழும் பலர் சார்பில் நாம் விடுக்கும் தனி விண்ணப்பம்.