ஐம்பதில் விட்டு ஐம்பத்தெட்டைப் பிடிப்பது எப்படி?

கம்பெனி வேலைக்காரருக்கு பி.எஃப். பென்ஷன் 58 வயதில். வேலை வெறுத்துப்போவது ஏறக்குறைய 50-ல். இடையில் கிடக்கும் எட்டு வருஷத்தை ஓட்டுவதற்கான கையேடு இது. நாஞ்சில் நாட்டாருக்காக எழுதியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் படிக்கலாம்.

50-லேயே பென்ஷன் கேட்டால் தருவார்கள், பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் போதும். 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ அத்தனைக்கும் வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டுவார்கள். வெட்டியது பிறகு வளராது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 35 வருஷம் உழைத்தவருக்கே மாதம் 7,500 என்றுதான் கணக்கு வருகிறது. குறைந்தபட்சத் தொகையை 2014-ல் ஆயிரம் ரூபாயாக்கினார்கள். பத்து வருஷம் தாண்டியும் அது ஆயிரமாகவே நின்றது. நம் முந்திரி ஆலைகளில் பருப்பு உடைத்துக் கை கறுத்துப்போன பெண்கள், அந்த ஆயிரத்தில் ஓய்வெடுப்பது எப்படி என்று யாரிடமும் யோசனை கேட்பதில்லை. அவர்கள் ஓய்வெடுப்பதே இல்லை.

ஆக, செட்டில்மென்ட் பணத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தொகையை வெளியே சொல்லாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது, ஊருக்கு ஏற்கெனவே தெரியும். 2019-ல் பி.எஸ்.என்.எல்.லில் வி.ஆர்.எஸ். என்னும் விருப்ப ஓய்வு வந்தபோது, முடித்த சர்வீஸுக்கு வருஷத்துக்கு 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் சர்வீஸுக்கு வருஷத்துக்கு 25 நாள் சம்பளம் என்று சூத்திரத்தைப் பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். பிறகென்ன, வடசேரியில் ஒரு சாயா ஆறுவதற்குள் யார் வீட்டுக்கு எவ்வளவு என்பது தீர்மானமாகிவிடும். 2020 ஜனவரி 31 அன்று நாடெங்கும் 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பென்ஷன் உடனே உண்டு, பென்ஷனில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷன்தான் 60 வயதுக்குத் தள்ளிப்போனது. அதைவிடப் பெரிய அனுகூலம், இரண்டு மாதத்துக்குள் ஊரடங்கு வந்து கல்யாண மண்டபங்களைப் பூட்டிவிட்டார்கள். செட்டில்மென்ட் பணத்துக்கு அப்படியொரு காவலை எந்த வங்கியும் தந்ததில்லை. உங்களுக்கு அந்த யோகம் இராது.

முதலில் மச்சினன் வருவான், ஹாலோ பிளாக் தொழிலில் பங்கு சேர. அடுத்து சித்தப்பா மகள் கல்யாணம், நகையில் பத்துப் பவுன் குறைகிறதாம். அதற்குப் பிறகு ஊர்க் கோயில் கமிட்டி. உங்களைப் பொருளாளராகப் போட்டிருப்பதாகச் சொல்வார்கள். பொருளாளர் என்றால் கொடைக்கு வரி பிரிந்து வரும்வரை கைக்காசைப் போட்டு நடத்துகிறவர். இவர்களைச் சமாளிக்க வழி ஒன்றுதான். அவர்கள் வாயைத் திறக்கும் முன் நீங்கள் கேட்டுவிட வேண்டும்: “மக்கா, ஒரு அம்பதாயிரம் பொரட்டித் தர முடியுமாடே?” வந்தவர் கொண்டுவந்த பழப்பையோடு திரும்பிப் போனால் முறை பலித்தது என்று அர்த்தம்.

இனி முதலீடு. குமரி மாவட்டத்தில் பிறந்து ரப்பர் போடாமல் ஓய்வு பெறுவது முறையல்ல. குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிக் கன்று நட்டால் ஏழு வருஷத்தில் பால் வெட்டலாம். 50-ல் நடுகிறவருக்கு 57-ல் வருமானம் தொடங்கும். பென்ஷனுக்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால். அந்த ஏழு வருஷம் என்ன சாப்பிடுவது என்று ரப்பர் விற்ற புரோக்கரைக் கேட்கலாம். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போன விலை 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே கிடந்ததையும், 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் ஒரே நாளில் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போனதையும் அவர் சொல்ல மறந்திருப்பார். ஏத்தன் வாழை என்றால் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் குலை வெட்டிவிடலாம், ஆனால் அதற்குத் தினமும் வயலுக்குப் போக வேண்டும். அது வேலை. வேலையைத்தான் விட்டாயிற்றே.

மாடி எடுத்து ஒத்திக்கு விடுவது இன்னும் சுகமானது. ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் குடியிருக்க விட்டு, கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பாதி எல்லாருக்கும் நன்றாக வருகிறது. பின்பாதிக்கு, புது ஒத்திக்காரரைப் பிடித்து அவர் பணத்தில் பழையவரை அனுப்பிவைக்கும் கலை தெரிய வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஒத்திப் பணத்தை வருமானம் என்றே நினைத்துப் பழகிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் எந்தக் குடித்தனக்காரர் காலி செய்கிறேன் என்றாலும் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

இதெல்லாம் வேண்டாம், தபாலாபீஸ் போதும் என்கிற சப்பென்ற மனிதராக நீங்கள் இருந்தால் வழி எளிது. மாதாந்திர வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் போடலாம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 கைக்கு வரும், வயது கேட்பதில்லை. மூத்த குடிமக்கள் திட்டத்தில் வட்டி அதிகம், 30 லட்சம் வரை போடலாம். ஆனால் 60 ஆக வேண்டும், வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு 55. ஐம்பதில் விட்டவர் மூத்தவரும் அல்ல, வேலைக்காரரும் அல்ல. கல்யாணப் பந்தியில் இளவட்டங்கள் “பாட்டா, தள்ளி இரியும்” என்பார்கள். கவுண்டரில் மட்டும் இன்னும் வயசாகவில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தார் பிரவாசி நலநிதியில் சந்தா கட்டி 60-ல் பென்ஷன் வாங்குவார்கள். நீங்கள் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள். அதைப்பற்றி இப்போது யோசித்துப் பயனில்லை.

பொழுது போகுமா என்ற கவலை மட்டும் வேண்டவே வேண்டாம். சும்மா இருக்கிறவர் என்று தெரிந்ததும், சொந்தத்தில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ ஸ்ரீசித்ராவுக்கோ கூடப்போகிற ஆள் நீங்கள்தான். பஸ்ஸுக்கும் சாயாவுக்கும் உங்கள் காசு. நோயாளியிடம் கேட்பது மரியாதையில்லை. வருஷ பட்ஜெட்டில் இதற்குத் தனித் தலைப்பு ஒதுக்கவும்.

கடைசியாக 58-ல் பென்ஷன் கேட்கும் 10-டி படிவம். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் நீளமாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஒற்றை இனிஷியல், கம்பெனிப் பதிவில் ஊர்ப் பெயருக்கும் சேர்த்து இரண்டு இனிஷியல். மூவரும் ஒருவரே என்று நிரூபித்த பிறகுதான் பென்ஷன் வரும். அந்தத் திருத்த வேலையை வேலையை விட்ட மறுநாளே தொடங்கிவிடவும். எட்டு வருஷம் அநேகமாகப் போதும்.