மச்சானைக் கூட்டிக்கினு போகாதே

இன்னாடா பேராண்டி, வார்டு மெம்பருக்கு நிக்கப் போறியாமே? நோட்டீசுல போட, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு முன்னாடி நின்னு போட்டோ வேற புடிக்கணுமாம். போ, தாராளமா போ. தாமல்லருந்து காஞ்சிபுரம் போயி பஸ் மாறு. ஆனா அந்தச் சொவரைப் படிக்க மட்டும் ஆசைப்படாதே. படிச்சிட்டா நிக்க மாட்ட.

இப்பத்தான் அது கோயிலு. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடி ஊர்ச்சபை கூடுன மண்டபம். பராந்தக சோழன் காலத்துல, 919-ல ஊர் வாரியத்துக்கு, அதான் கமிட்டிக்கு, ஆளெடுக்கச் சட்டம் போட்டாங்க. சரிப்படல போல, ரெண்டே வருசத்துல, 921-ல திருத்திட்டாங்க. ஊருல 30 குடும்பு, இப்ப சொல்ற வார்டு மாதிரி. தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டுக்கட்டி, குடத்துல போட்டு, ஒண்ணுந் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். அதை வாங்கறவரு அஞ்சு வெரலையும் விரிச்சி உள்ளங்கையில வாங்கணும். கை மூடியிருந்தா உள்ள வேற ஓலை இருக்குமில்ல? நம்மாளுங்க சங்கதி அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது!

வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. எனக்குத் தாண்டிடுச்சி, ஒனக்கு இன்னும் வரல. அதுக்கும் மேல சொந்த மனை, வரி கட்டற நிலம், வேதப் படிப்பு. நம்ம முப்பாட்டன் பேரு அந்தக் குடத்துக்கிட்டவே போயிருக்காது. பொம்பளைங்க பேச்சே இல்ல. இன்னிக்கிப் பாதி எடம் அவங்களுக்கு. ஒங்க பாட்டி நின்னா ஒனக்கு டெபாசிட்டு கூட மிஞ்சாது. அதனால ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ன்னு மேடையில அளக்காதே.

மோசமானது கணக்குதான். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா? அப்பன், புள்ள, மாமனாரு, மருமவன், மச்சான், சித்தி புள்ள, அத்தை புள்ள, அத்தினி பேரும் அவுட்டு. அந்தக் கணக்குல பார்த்தா நம்ம தெருவுல... வேணாம், காதுல விழுந்தா கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டாங்க.

சபை போச்சி, பெருமாள் வந்து உக்காந்தாரு. நல்ல ஏற்பாடு. பெருமாளுக்குத் தேர்தல் இல்ல, அவரை எவனும் கணக்குக் கேக்க மாட்டான். சாமி உள்ளார இருந்ததாலதான் அந்தக் கல்லைப் பேத்து எவனும் மாட்டுக்கொட்டாய்க்குப் போடலன்னு நான் நெனைக்கிறேன். அப்புறம் தொல்லியல் துறைக்காரங்க போர்டு வெச்சாங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குப் பாடமாச்சி. 2020 டிசம்பர்ல தில்லியில புதுப் பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பத்திப் பேசினாரு. இப்ப ஒன்ன மாதிரி ஆளுங்களால அதுக்குப் புது வேலை, வெள்ளச் சட்டைக்குப் பின்னாடி நிக்கறது.

சரி, கெளம்பு. ஒன் மச்சானை மட்டும் விட்டுட்டுப் போ. ஜெயிச்சா ரோடு காண்ட்ராக்டு அவனுக்குத்தான்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. அங்க எவனாவது படிச்சவன் சொவத்தைப் பார்த்து உரக்கப் படிச்சான்னு வெச்சிக்கோ, போட்டோவுல ஒன் மச்சான் மூஞ்சி நல்லா விழாது.